முகம் அறியும் பருவம்

‘பிள்ளை முகம் பார்க்கத் தொடங்கிற்றா?’ குழித்துறை வட்டாரத்து வீடுகளில் நாம் கேட்டுப் பழகிய கேள்வி இது. கிலுக்கைப் பார்க்கிறதா என்று கேட்போர் குறைவு. தாய்மார் இயல்பாய்க் கண்ட இவ்வேற்றுமையை அறிவியல் ஏற்க நெடுங்காலம் பிடித்தது. பிறந்த குழந்தைக்கு உலகம் ஒரே குழப்பமாகவே தோன்றும் என 1890-இல் வில்லியம் ஜேம்ஸ் கருதினார்.

1961-இல் ராபர்ட் ஃபான்ட்ஸ், பச்சிளங்குழந்தைகள் எதனை நெடுநேரம் நோக்குகின்றன என்று அளந்து பார்த்தார். முகவடிவுக்கு முதலிடம் கிடைத்தது. 1975-இல் கோரனும் அவர்தம் துணைவரும் பிறந்து ஏறத்தாழ ஒன்பதே நிமிடமான சிசுக்களிடம் அட்டைகளை அசைத்துக் காட்டினர். கண்ணும் வாயும் முறையாய் அமைந்த அட்டையின் பின் சிசுக்களின் தலை திரும்பியது; அதே உறுப்புகள் கலைந்து கிடந்த அட்டை அவ்வளவு ஈர்க்கவில்லை. அதற்குமுன் அவை எத்தனை முகங்களைக் கண்டிருக்கக் கூடும்!

முகங்களுக்கெனச் சிறப்பாய் இயங்கும் பகுதி மூளையின் அடிப்புறத்தில் உண்டென 1997-இல் நான்சி கான்விஷர் குழுவினர் வளர்ந்தோரிடம் காட்டினர். இரண்டு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளிடமும் அது பொருள்களைவிட முகங்களுக்கே மிகுதியாய் இயங்குவதை 2022-இல் வெளியான ஆய்வொன்று தெரிவித்தது.

அங்ஙனமாயின் எல்லாம் பிறவியிலேயே முடிந்துவிட்டதா? இல்லை. பிறவிக் கண்புரையை இரண்டு முதல் ஆறு மாதத்திற்குள் நீக்கப்பெற்றவர்களைக் கனடா நாட்டு ஆய்வாளர் 2001-இல் சோதித்தனர். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பார்வையோடு வாழ்ந்திருந்தும், கண்களுக்கும் வாய்க்கும் இடையிலுள்ள தூரம் மட்டும் மாறிய முகங்களை வேறுபடுத்த அவர்கள் இடர்ப்பட்டனர். கண், வாய் இவற்றின் வடிவ மாற்றங்களையோ பிறரைப் போலவே கண்டுகொண்டனர். முகத்திற்கென ஒரு தனிப் பாடம் உண்டு. அதற்குரிய மாதங்களும் உண்டு.

நம் நாட்டில் இவ்வினா இன்னும் கூர்மையானது. பவன் சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டம், பல்லாண்டு பார்வையின்றி வளர்ந்த பிள்ளைகளுக்குத் தில்லியில் சிகிச்சை அளித்து, அவர்கள் காணக் கற்பதையும் ஆராய்ந்தது. சிகிச்சை முடிந்த தொடக்கத்தில் முகம் எது, முகமல்லாதது எது என்று பிரித்தறியத் தடுமாறியவர்கள், சில மாதங்களில் தேறினர் என 2017-இல் வெளியான கட்டுரை கூறுகிறது. ஆகவே காலம் கடந்தது என்று அறுவையை மறுப்பதற்கில்லை. ஆனால் கண்மணி வெளுத்திருக்கும் பிள்ளையை, ‘வளரட்டும், பார்க்கலாம்’ எனக் காத்திருக்க வைப்பதும் தகாது. அது பிறந்த வாரத்திலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டிய குறி.