நிழலில் வளர்ந்த நாற்றும் ஊட்டிக்கு வந்த சிங்கோனாவும்



நாலு வருசத்துக்கு முந்தி எங்க கூமாப்பட்டித் தோட்டத்துல 40 சென்ட்டுக்கு மிளகாய் போட, முதல்தடவையா குழித்தட்டு நாற்று வாங்கினேன். நிழல்வலைக்குள்ள வளர்ந்தது. பாக்கத் தளதளன்னு இருந்துச்சு. வந்து இறங்குன அன்னைக்கே, பட்டப்பகல்ல நட்டுட்டேன். மூணாம் நாள் பாத்தா பாதி நாற்று இலை வெளுத்துத் தலை சாஞ்சு கிடக்குது. தண்ணிக்குக் குறைவே இல்ல.

எங்கம்மா வந்து பாத்துட்டு, "வெயிலே அறியாத புள்ளய உச்சிவெயில்ல நிறுத்துனா என்னடா ஆகும்?"னாங்க.

அவங்க காலத்துல நாற்றங்கால் மேல தென்னை ஓலை போட்டு மூடுவாங்க. முளைச்சதும் சாயங்கால வெயிலுக்கு மட்டும் ஓலையை எடுப்பாங்க. அப்புறம் நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுவாங்க. பிடுங்குறதுக்கு ஒரு வாரம் முன்னாடி தண்ணியையும் குறைச்சிடுவாங்க. இதைத்தான் வேளாண்மைத் துறையில நாற்றைக் கடினப்படுத்துதல் என்பார்கள்.

இந்தப் பாடத்தைப் பெரிய பெரிய ஆளுங்களே நட்டப்பட்டுத்தான் படிச்சிருக்காங்க.

லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, 1829-இல் மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் பெரணிச் செடி தானாக வளர்வதைக் கண்டார். அதை வைத்துக் கண்ணாடிப் பெட்டி செய்து, 1833-இல் சிட்னிக்குக் கப்பலில் செடி அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதன்பிறகு உலகமெங்கும் செடிகள் இந்தப் பெட்டியில்தான் பயணம் போயின.

மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா, சிங்கோனா மரப்பட்டையில் இருந்து வருவது. அந்தச் செடிகளைப் பெரு நாட்டில் சேகரித்த கிளெமென்ட்ஸ் மார்க்கம், பனாமா, இங்கிலாந்து, செங்கடல், பம்பாய் என்று சுற்றி 1860 அக்டோபரில் ஊட்டிக்குக் கொண்டுவந்தார். குளிர்ந்த மலைக்காட்டுச் செடி செங்கடல் சூட்டைத் தாங்குமா? அநேகமா எல்லாமே செத்துப்போச்சு. அடுத்த வருசம் ஈக்வடாரில் இருந்து ராபர்ட் கிராஸ் கொண்டுவந்த சிவப்புப்பட்டைச் செடிகள்தான் பிழைத்தன.

அதே காலத்தில் ஜாவாவில் டச்சு அரசுக்காக யூங்ஹூன் என்பவர் சிங்கோனா வளர்த்தார். காட்டுச் செடிதானேன்னு பெரிய மரங்களின் நிழலிலேயே நட்டார். செடிகள் நெடுநெடுவென்று ஒல்லியாகப் போயின. ஊட்டித் தோட்டத்தின் மெக்ஐவர் வேறு வழியில் போனார். கண்ணாடிக் கூடத்தில் பெருக்கிய செடிகளைத் தொட்டபெட்டா, நடுவட்டம் பகுதிகளில் திறந்தவெளியில் நட்டார். நன்றாகத் தேறின. 1864-இல் யூங்ஹூன் இறந்தபிறகு ஜாவாவிலும் திறந்தவெளிக்கே மாறினார்கள்.

ஆக, திடீர்ச் சூடும் ஆகாது, தீராத நிழலும் ஆகாது. நிழலில் வளர்ந்த இலையில் மெழுகுப்பூச்சு மெலிசா இருக்கும். வெயிலும் காத்தும் பட்டா உள்ள இருக்கிற ஈரம் சட்டுனு போயிடும். அதை ஈடுகட்டுற அளவுக்கு வேர் இன்னும் பிடிச்சிருக்காது. ஒரு வாரம், பத்து நாள் பழக்குனா இலை தடிக்கும், தண்டு முறுக்கேறும்.

மாடித்தோட்டம் போடுற உறவுகளே, நர்சரிச் செடியை வாங்குன அன்னைக்கே மொட்டைமாடியில வச்சிடாதீங்க. முதல் ரெண்டு நாள் காலை வெயில் ஒரு மணி நேரம் போதும். அப்புறம் தினம் கொஞ்சம் கூட்டுங்க. தண்ணியைக் குறைங்க, ஆனா வாட விட்டுடாதீங்க. நடுறது சாயங்காலமா இருக்கட்டும்.

நான் இப்பவும் குழித்தட்டு நாற்றுதான் வாங்குறேன். ஆனா வந்ததும் வேப்பமரத்தடியில வச்சு, எட்டு நாள் கழிச்சுத்தான் நடுறேன். எங்கம்மா வந்து தண்டை நசுக்கிப் பாத்து "சரி"ன்னு சொன்ன பிறகு.