பீலியிலிருந்து அம்பத்தலை வரை

தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களில் பீலித் தண்ணீர் என்றால் மலை ஊற்றிலிருந்து குழாய் வழியே இறங்கி வரும் தண்ணீர். குழாய் வாயில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். இலை, பூச்சி, மணல் எல்லாம் அதில் நின்றுவிடும். மழை கொட்டிய மறுநாள் துணியை அவிழ்த்தால் உள்ளே செம்மண் அப்பியிருக்கும். குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்கள், தண்ணீர் தெளியும்வரை ஓடவிட்டுத்தான் பிடிப்பார்கள். குழாய்நீர்த் திட்டம் எட்டாத பல லயக் குடியிருப்புகளில் அந்தத் துணியும் அவர்களுடைய கண்ணும்தான் சோதனைச்சாலை.

பிடித்தது போக மிச்சத் தண்ணீர் கானில் இறங்கி ஓடையில் சேர்கிறது. சிவனொளிபாதமலையின் மேற்குச் சரிவில் வடியும் நீரோடு கலந்து சீதாவக்கை கங்கையாக ஓடி, அவிசாவளைக்கு அருகே களனி கங்கையில் விழுகிறது. ஹங்வெல்லை, கடுவளை என்று சமவெளியில் போகப்போக ஊர்க் கழிவும் தொழிற்சாலைக் கழிவும் அதோடு கூடுகின்றன. இத்தனையும் சுமந்து வரும் ஆற்றைத்தான் அம்பத்தலையில் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை இறைத்தெடுத்துக் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறது.

எப்படி முடிகிறது? ஆற்று நீரைச் சில கண்ணாடிக் குவளைகளில் வரிசையாக வைக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் படிகாரத்தை வெவ்வேறு அளவில் விட்டு, சிறு துடுப்புகளால் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்குகிறார்கள். கலங்கல் பஞ்சுபோலத் திரண்டு அடியில் படிகிறது. எந்தக் குவளை நன்றாகத் தெளிகிறதோ அந்த அளவுதான் பெரிய தொட்டிகளுக்கும். ஆறு கலங்கிய நாளில் இந்தக் கணக்கு மாறும். தெரணியகலை மலையில் கொட்டும் மழை அம்பத்தலையில் படிகாரத்தின் அளவை மாற்றிவிடுகிறது.

மண்டி படிந்த நீர் மணல் வடியில் இறங்குகிறது. பிறகு குளோரின், நீரின் புளிப்பைச் சரிசெய்யச் சுண்ணாம்பு. குளோரின் கிருமியைக் கொன்றதோடு தீர்ந்துவிடக் கூடாது. வழியில் குழாய் கசிந்து அழுக்கு புகுந்தாலும் காவலுக்குக் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். வீட்டுக் குழாயை எட்டும்போதும் லீட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இலங்கையின் குடிநீர்த் தரம் எஸ்.எல்.எஸ். 614. அதன்படி 100 மில்லிலீட்டர் நீரில் ஈ-கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. மலம் கலந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கிருமியே சாட்சி.

அம்பத்தலைக்கும் கஷ்டகாலம் உண்டு. கடும் வறட்சியில் கடலுப்பு ஆற்றில் ஏறி வரும். மணல் மூட்டை அடுக்கி மறித்திருக்கிறார்கள். 2015 ஆகஸ்டில் ஆற்றில் டீசல் கசிந்தபோது இறைப்பையே நிறுத்தினார்கள். கெட்டுவிட்டது என்று தெரிந்ததால்தான் நிறுத்த முடிந்தது. என் மனதைக் குடைவது அதுதான். பீலியில் கெட்டால் யாருக்குத் தெரியும்? ஊற்றுக்கு மேலே ஒரு கழிப்பறைக் குழி கசிந்தாலும் தண்ணீர் பளிங்குபோலத்தான் விழும். ஈ-கோலி கண்ணுக்குத் தெரியாது, துணியிலும் நிற்காது. பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்த பிறகுதான் சந்தேகமே எழுகிறது. மலை ஈரத்தைக் காத்து, கொழும்புக்குப் போகும் ஆற்றுக்கும் நீர் தரும் ஊரில் இப்படி இருப்பது அநியாயம்.

பீலித் தண்ணீரைக் கிருமி நீக்கிய போத்தலில் பிடித்து, ஐஸில் வைத்து, 24 மணிநேரத்துக்குள் சோதனைச்சாலையில் சேர்த்தால் போதும், ஈ-கோலி உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். லயத்துப் பேர் எல்லாரும் கையெழுத்திட்டு, பீலித் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஊற்றுக்கண்ணுக்கு மூடி போட்டுத் தரும்படி தோட்ட நிர்வாகத்திடமும் கேளுங்கள். முடிவு கைக்கு வரும்வரை தண்ணீரைக் கொதிக்க வைத்தே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.