கூலி உழைப்பும் இலாபப் பகிர்வும் (அரசின்மைப் பொருளியல்)

அரசின்மைப் பொருளியலில் கூலி உழைப்பு என்பது, ஒருவர் தன் உழைப்பு நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட தொகைக்கு விற்று, விளைபொருளின் மீதோ அதன் இலாபத்தின் மீதோ உரிமையின்றி இருக்கும் முறையைக் குறிக்கும். இதற்கு மாற்றாக முன்வைக்கப்படுவது திறந்த கணக்குடன் கூடிய இலாபப் பகிர்வு ஆகும். இதில் வரவு செலவு அனைத்தும் உழைப்போருக்குத் தெரியும்; எஞ்சுவது அவர்கள் ஒப்புக்கொண்ட விகிதத்தில் பிரிக்கப்படும். பொருளியல் உறவுகள் கட்டாயமின்றி, விருப்ப ஒப்பந்தத்தால் அமைய வேண்டும் என்பது அரசின்மையாளர்களின் பொதுக் கொள்கை. ஆனால் வேறு வழியில்லாதவர் செய்யும் கூலி ஒப்பந்தம் விருப்ப ஒப்பந்தம் ஆகுமா என்பதில் அவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை.

புரூதோனின் வாதம்

பியேர் யோசப் புரூதோன் (1809–1865) தமது "சொத்து என்றால் என்ன?" (1840) நூலில் கூலி முறையின் அடிப்படைக் குறையாகக் கூட்டு ஆற்றலைச் சுட்டினார். பாரிசில் லுக்சோர் தூணை 200 படைவீரர்கள் சில மணி நேரத்தில் நிறுத்தினர். ஒரே ஆள் 200 நாட்கள் முயன்றாலும் அதைச் செய்திருக்க முடியாது. இரு வழியிலும் கொடுக்கப்படும் நாட்கூலி ஒன்றே. முதலாளி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கூலி தருகிறார். சேர்ந்து உழைத்ததால் பிறந்த ஆற்றலுக்கு எதையும் தருவதில்லை என்பது அவரது வாதம்.

1851 இல் வெளியான நூலில் தீர்வாகத் தொழிலாளர் சங்கங்களை அவர் பரிந்துரைத்தார். பெருந்தொழில்களில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் சொத்தில் பிரிக்கப்படாத பங்கு உண்டு. பதவிகள் தேர்தல் மூலம் நிரப்பப்படும். இலாபமும் நட்டமும் பணிக்கேற்பப் பகிரப்படும். விரும்பியவர் கணக்கை முடித்துக்கொண்டு விலகலாம். இலாபப் பகிர்வு பற்றிப் பேசுவோர் பலர் நட்டத்தை மறந்துவிடுவதால், புரூதோன் அதையும் சேர்த்தது குறிப்பிடத்தக்கது.

இதே காலத்தில், 1842 இல், பாரிசில் வீடுகளுக்கு வண்ணம் பூசும் நிறுவனம் நடத்திய எட்ம் ழான் லெக்லேர் தம் தொழிலாளருக்கு இலாபத்தில் பங்கு தருவதாக அறிவித்தார். கூலியைக் குறைப்பதற்கான தந்திரம் இது என்று பலர் ஐயுற்றனர். அடுத்த ஆண்டு பணத்தை மேசையில் வைத்துப் பிரித்துக் கொடுத்த பின்னரே நம்பினர். லெக்லேர் அரசின்மையாளர் அல்லர். நிர்வாகமும் அவரிடமே இருந்தது.

வாரனின் நேரக் கடை

திறந்த கணக்கை முழுமையாகச் செயற்படுத்திப் பார்த்தவர் அமெரிக்கரான ஜோசியா வாரன் (1798–1874) எனலாம். ராபர்ட் ஓவனின் நியூ ஹார்மனி குடியிருப்பு தோல்வியுற்றதைக் கண்ட இவர், 1827 மே மாதம் சின்சினாட்டி நகரில் ஒரு கடையைத் திறந்தார். கொள்முதல் விலைச்சீட்டுகள் வாடிக்கையாளர் பார்க்குமாறு தொங்கவிடப்பட்டன. போக்குவரத்து முதலிய செலவுகளுக்காக ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டும் சேர்க்கப்பட்டது. கடைக்காரரின் உழைப்புக்குரிய ஈடு பொருளின் விலைக்குள் மறைக்கப்படவில்லை. வாடிக்கையாளருடன் செலவிட்ட நேரம் கடிகாரத்தால் அளக்கப்பட்டது. அந்த நேரத்துக்கு ஈடாக, தம் தொழிலில் அத்தனை நிமிடம் உழைத்துத் தருவதாக உறுதிகூறும் உழைப்புச் சீட்டை வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்தார். தச்சர் தச்சு வேலையையும் தையற்காரர் தையலையும் இவ்வாறு கொடுக்கலாம். பேரம் பேசி நேரத்தைக் கடத்தினால் செலவு கூடும் என்பதால் வணிகம் விரைவாக நடந்தது. கடை நொடித்துப் போகவில்லை; கொள்கை மெய்ப்பிக்கப்பட்டதாகக் கருதிய வாரன், குடியிருப்புகள் அமைக்கும் நோக்குடன் 1830 இல் தாமே அதை மூடினார்.

எனினும், ஒருவர் மற்றொருவருக்கு நேரடியாகச் செய்யும் பணியை இவ்வாறு அளப்பது எளிது. நூறு பேர் சேர்ந்து ஒரு பொருளை ஆக்கும் ஆலைக்கு இக்கடை விடை தரவில்லை.

கருத்து வேறுபாடுகள்

"லிபர்ட்டி" இதழை (1881–1908) நடத்திய பெஞ்சமின் டக்கர் கூலியைக் குறையாகக் கருதவில்லை. பணம், நிலம், சுங்கவரி, காப்புரிமை ஆகிய நான்கு தனியுரிமைகளை அரசு காப்பதாலேயே கூலி குறைகிறது. அவை நீங்கினால் உழைப்பவர் முழு விளைவையும் பெறுவார் என்றார்.

பீட்டர் குரோபோட்கின் (1842–1921) இதற்கு நேர்மாறானவர். "உணவை வென்றெடுத்தல்" (1892) நூலில் நிலக்கரிச் சுரங்கத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டார். கூண்டை இயக்குபவர் ஒரு நொடி தவறினாலும் எல்லாம் நின்றுவிடும். பொறியாளர் தவறான இடத்தைக் காட்டினால் கரியே கிடைக்காது. வெட்டுபவர் இல்லாமல் எதுவும் இல்லை. இவர்களில் யார் பங்கு எவ்வளவு? திறந்த கணக்கு எவ்வளவு எஞ்சியது என்பதைக் காட்டுமே தவிர, இந்த விகிதத்தைக் காட்டாது. ஆகவே தேவைக்கேற்பப் பெறுவதே முறை என அவர் முடிவு செய்தார்.

ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது, 1936 இல், அராகோன் பகுதியின் சில ஊர்கள் பணத்தை ஒழித்தன. வேறு சில, வேலையின் அளவை விட்டுக் குடும்பத்தின் அளவுக்கேற்பக் கூலி வழங்கின. 1937 ஆகத்து மாதம் குடியரசு அரசு அனுப்பிய படைகள் அப்பகுதியின் கூட்டுப் பண்ணைகள் பலவற்றைக் கலைத்தன.