எழுவரும் நாற்பத்திருவரும்

பல்கலைக்கழகம் ஒன்றின் விழா மலர் என்றால், எழுந்த கட்டடங்களையும் பட்டம் பெற்றோரின் புகழையும் சொல்லி மகிழ்வது மரபு. மகிழத்தான் வேண்டும். ஆனால் நூற்றாண்டு விழாக் கொண்டாடி முடித்த இரண்டே மாதத்தில் ஒரு பல்கலைக்கழகம் சந்தித்த சோதனையையும் இத்தகைய மலரில் பதிந்து வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். அது ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம்.

ஹானோவர் நாட்டில் 1737இல் தொடங்கப்பெற்ற அக்கழகம் 1837 செப்டம்பரில் நூற்றாண்டு கண்டது. அரசர் நான்காம் வில்லியம் கொடையாக அளித்த பேரவை மண்டபம் அவ்விழாவில் திறக்கப்பட்டது. பிரிட்டனையும் ஹானோவரையும் ஒருசேர ஆண்ட அவர் அவ்வாண்டு ஜூனிலேயே மறைந்துவிட்டார். பிரிட்டனின் முடி விக்டோரியாவைச் சேர்ந்தது. பெண்ணுக்கு அரியணை தரும் வழக்கம் ஹானோவரில் இல்லாததால் அங்கே வில்லியத்தின் தம்பி எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் பட்டத்துக்கு வந்தார். நவம்பர் 1ஆம் நாள், 1833 முதல் நடப்பிலிருந்த அரசியலமைப்பு இனிச் செல்லாது என்று அறிவித்தார். அதைக் காப்பதாக உறுதிமொழி கொடுத்துப் பதவியேற்ற அரசு ஊழியர்கள் அவ்வுறுதிமொழியிலிருந்து விடுவிக்கப்பட்டனர். பேராசிரியர்களும் அவர்களில் அடக்கம்.

நவம்பர் 18 அன்று ஏழு பேராசிரியர்கள் அதை ஏற்க மறுத்துக் கடிதம் எழுதினர். வரலாற்றறிஞர் டால்மன் வரைந்த கடிதம் அது. சட்ட அறிஞர் ஆல்பிரெக்ட், இலக்கிய வரலாற்றாசிரியர் கெர்வினஸ், கீழை மொழி அறிஞர் எவால்ட், இயற்பியலாளர் வெபர், உலகமெங்கும் குழந்தைகள் அறிந்த கதைகளைத் தொகுத்த யாகோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் சகோதரர்கள் ஆகியோர் உடன் ஒப்பமிட்டனர்.

அக்கடிதத்தின் வாதம் இன்றும் நின்று படிக்கத்தக்கது. ஆசிரியரின் பணி அவருடைய புலமையை நம்பி நிற்கும் அளவுக்கு அவருடைய நேர்மையையும் நம்பி நிற்கிறது. கொடுத்த வாக்கோடு விளையாடுபவர் என்று மாணவர் கருதத் தொடங்கிய நொடியிலேயே அவர் பாடம் பயனற்றுப் போகிறது என்றனர் எழுவரும். தங்களுக்கெனச் சலுகை எதையும் அவர்கள் கேட்கவில்லை. கல்விச் சுதந்திரம் ஆசிரியர் கூட்டத்தின் தனிச்சொத்து என்று நினைப்போர் இவ்விடத்தைக் கவனிக்க வேண்டும். நம்பத்தக்க ஒருவரிடம் பாடம் கேட்கும் மாணவரின் உரிமை அது.

மாணவர்கள் அதை உணர்ந்திருந்தனர். கடிதத்தைக் கையால் படியெடுத்துப் படியெடுத்து நாடெங்கும் பரப்பினர். டிசம்பர் 14 அன்று எழுவரும் பதவி நீக்கப்பட்டனர். கடிதம் பரவக் காரணமானவர்கள் என்று டால்மன், கெர்வினஸ், யாகோப் கிரிம் மூவரும் மூன்று நாளில் நாட்டைவிட்டே வெளியேறப் பணிக்கப்பட்டனர். மாணவருக்கு வாடகை வண்டி தரக்கூடாதென்று தடை. ஆகவே பனிக்காலத்தில் 20 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே சென்று, எல்லைக்கு அப்பாலிருந்த விட்சன்ஹவுசன் ஊரில் ஆசிரியர்களுக்கு விடைகொடுத்தார்கள். எல்லையில் ஒரு மூதாட்டி தன் பேரனை அழைத்து யாகோப் கிரிம்முக்குக் கைகொடுக்கச் சொன்னாளாம். நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர் என்ற ஒன்றே அவளுக்குப் போதுமான காரணம். இதைப் பின்னர் எழுதிவைத்தவர் யாகோபே.

அதே வளாகத்தில் கணித மாமேதை காஸ் இருந்தார். எவால்ட் அவருடைய மருமகன். வெபர், 1833இல் அவரோடு சேர்ந்து மின்தந்திக் கம்பி அமைத்த ஆய்வுத் தோழர். காந்தப் பாயத்தின் அலகாக நம் பள்ளிப் பிள்ளைகள் படிப்பது வெபரின் பெயரைத்தான். எவால்ட், வெபர் இருவரும் பதவி இழந்தபோது காஸ் பொதுவெளியில் வாய் திறக்கவில்லை. அறிவின் உச்சம் துணிவுக்கு உத்தரவாதம் ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. உதவ முன்வந்தவர்கள் வெளியில் இருந்தார்கள். லைப்சிக் நகரில் குழு ஒன்று அமைந்து, பொதுமக்களிடம் நிதி திரட்டி, எழுவரின் ஊதியத்தை ஈடுசெய்தது. அந்நகரப் பதிப்பாளர்கள் வேலையிழந்த கிரிம் சகோதரர்களிடம் ஜெர்மன் மொழிக்குப் பேரகராதி ஒன்று செய்யும்படி கேட்டனர். எழுவரில் டால்மன், ஆல்பிரெக்ட், கெர்வினஸ், யாகோப் ஆகிய நால்வர் 1848இல் பிராங்பர்ட் தேசிய மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அம்மன்றம் 1849இல் இயற்றிய அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு, அறிவியலும் அதைக் கற்பித்தலும் கட்டற்றவை என்று சட்டமாக்கியது.

கதை இங்கே முடிந்திருந்தால் நிம்மதியாக இருக்கும். 96 ஆண்டுகள் கழித்து அதே கோட்டிங்கனில் வேறொரு கையெழுத்துப் பட்டியல் எழுந்தது.

1933 ஏப்ரல் 7 அன்று இட்லர் அரசு, யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் ஒரு சலுகை இருந்தது. முதல் உலகப் போரில் போர்முனை கண்டவர்களுக்கு விலக்கு. நோபல் பரிசு பெற்ற கோட்டிங்கன் இயற்பியலாளர் ஜேம்ஸ் பிராங்க் யூதர். போர் வீரராகவும் இருந்ததால் அவர் நாற்காலிக்கு ஆபத்தில்லை. ஏப்ரல் 17 அன்று அவர் தாமே பதவி விலகி, காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார். சலுகையை ஏற்றால் மற்றவரைக் கைவிட்டதாகும் என்பது அவர் நிலை. ஒரு வாரத்துக்குள் கோட்டிங்கன் ஆசிரியர்கள் 42 பேர் கையெழுத்திட்டு அறிக்கை விட்டனர். சட்டத்தைக் கண்டித்து அல்ல, பிராங்க்கைக் கண்டித்து. அவர் செயல் நாட்டுக்கு இழைத்த நாசவேலை என்று.

அடுத்த நாள்களில் இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன், கணித அறிஞர்கள் ரிச்சர்ட் கூரன்ட், எம்மி நோத்தர் ஆகியோர் பணியிலிருந்து நிறுத்தப்பட்டனர். நோத்தர் மாணவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்துக் கணிதம் நடத்தினார். ஒரு மாணவர் நாசிப் படையின் சீருடையிலேயே வந்து அமர்ந்தபோதும் அவர் முகம் கோணவில்லை. பார்ன் 1935இல் நம் பக்கம் வந்தார். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு அவரை அழைத்தவர் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன். பார்னுக்கு நிலையான பதவி பெற்றுத்தர ராமன் முயன்றும் கைகூடவில்லை. பார்ன் 1936இல் எடின்பரோ சென்றார். 1954இல் நோபல் பரிசு பெற்றார். உலகின் கணிதத் தலைநகரமாக விளங்கிய கோட்டிங்கன் அந்த இடத்தைத் திரும்பப் பெறவேயில்லை.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். கற்பித்தல் கட்டற்றது என்று பிராங்பர்ட்டில் பிறந்த அந்த வாசகம் 1919இன் வைமார் அரசியலமைப்பிலும் இருந்தது. 1933இல் அது எவரையும் காக்கவில்லை. நம் காலத்திலும் பாருங்கள். ஹங்கேரி அரசு 2017இல் இயற்றிய சட்டத்தின் நெருக்கடியால் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் புடாபெஸ்டிலிருந்து வியன்னாவுக்குக் குடிபெயர நேர்ந்தது. அச்சட்டம் முறையற்றது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தபோது வகுப்புகள் ஏற்கெனவே வியன்னாவில் நடந்துகொண்டிருந்தன. சட்டம் வேண்டும்; ஆனால் அது தாமதமாகவே வருகிறது. முதல் நாளில் வந்து நிற்க வேண்டியவர் அடுத்த அறையில் இருப்பவர்.

இம்மலரைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். உங்களுள் ஒருவர் தம் ஆய்வுக்காகவோ சொல்லுக்காகவோ விலக்கப்படும் நாளில், உங்களுக்கு விலக்கு உண்டு என்று அரசு சொல்லும். அந்தச் சலுகையை வாங்காதீர்கள். உங்கள் முன் ஒரு தாள் வைக்கப்பட்டால், அது எழுவரின் கடிதமா, நாற்பத்திருவரின் அறிக்கையா என்று பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.