வேளைக் கீரை

மரக்காணத்துக்குச் சற்று முன்னால், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் தேநீர் குடிக்க வண்டியை நிறுத்தியபோதுதான் அந்தச் செடியைப் பார்த்தோம். கடைக்குப் பின்னால் குப்பை கொட்டும் இடம். உடைந்த கண்ணாடித் தம்ளர்கள், பால் கவர்கள், அடுப்புச் சாம்பல். அவற்றின் நடுவே முழங்கால் உயரத்துக்கு நாலைந்து செடிகள். கைவிரல்களை விரித்தது போல ஐந்தைந்து இலைகள், உச்சியில் வெள்ளைப் பூ.

“மேம், இது வேளைதானே?” என்றாள் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. அவள் ஊரில் தைவேளை என்பார்களாம். காதுவலி வந்தால் பாட்டி இந்த இலையைக் கசக்கிச் சாறு விடுவாளாம். ஒரு கொழுந்தைக் கிள்ளி என் கையில் வைத்தாள். காரமான ஒரு வாடை விரலில் ஒட்டிக்கொண்டது.

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிறுபாணாற்றுப்படையை வகுப்பில் நடத்துகிறேன். இந்தக் கீரையைப் பற்றித் தேர்வில் கேள்வி கேட்டிருக்கிறேன். கையால் தொட்டது அன்றுதான் முதல் தடவை.

நல்லூர் நத்தத்தனார் பாடிய அந்தப் பாட்டில் ஒரு வீடு வருகிறது. கூரைக் கழிகள் இற்று விழுந்த அடுக்களை. சுவரைக் கரையான் அரித்திருக்கிறது, அடுப்படியில் காளான் பூத்திருக்கிறது. புதிதாய் ஈன்ற நாய் ஒன்று, கண் திறக்காத குட்டிகள் வற்றிய மடியை இழுப்பது பொறுக்காமல் குரைக்கிறது. பசியால் இடை ஒடுங்கிய கிணைமகள் குப்பையில் முளைத்த வேளையை நகத்தால் கிள்ளிக்கொண்டு வந்து வேகவைக்கிறாள். உப்பில்லை. பிறகு தெருக்கதவை அடைக்கிறாள். விவரம் தெரியாதவர்கள் பார்த்துவிட்டு ஏதாவது சொல்வார்கள் என்ற கூச்சம். அடைத்த கதவுக்குப் பின்னால், இருக்கிற சுற்றம் அத்தனையும் கூடி உட்கார்ந்து அந்தக் கீரையைத் தின்கிறது.

இதை வறுமை வருணனை என்று சொல்லித்தான் நடத்துவேன். என் ஆசிரியரும் அப்படித்தான் எனக்குச் சொன்னார். கதவை அடைத்தவள் ஒரு பெண், மானத்தைக் காப்பாற்றும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்திருக்கிறது என்பது வகுப்பில் ஒருநாளும் பேச்சாகவில்லை. கதவை அடைத்த பிறகும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள் என்பதும் அப்படியே போயிற்று. அந்த வீட்டில் தனிப்பந்தி கிடையாது. அவளும் அவர்களோடுதான் உண்டிருக்க வேண்டும்.

இதே வேளை புறநானூற்றில் வேறு இரண்டு வீடுகளில் வேகிறது. 215ஆம் பாட்டில் கோப்பெருஞ்சோழன், தன் நண்பர் பிசிராந்தையாரின் பாண்டிநாட்டைப் பற்றிச் சொல்கிறான். அங்கே ஆயர்மகள் வேளையின் வெள்ளைப் பூவைத் தயிரில் இட்டுப் புளிங்கூழ் ஆக்குகிறாள். அவரை கொய்யும் வேலையாட்கள் வயிறு நிறைய உண்கிறார்கள். இங்கே அது குப்பைக் கீரை இல்லை, மணமுள்ள விருந்து.

246ஆம் பாட்டைப் பாடியவள் பெருங்கோப்பெண்டு, பூதப்பாண்டியனின் மனைவி. கணவன் இறந்த பிறகு தீப்பாய வந்தவளைச் சான்றோர் தடுக்கிறார்கள். கைம்பெண்ணின் சாப்பாடு எப்படி இருக்கும் என்று அவள் அவர்களுக்குக் கணக்குச் சொல்கிறாள். நெய் கிடையாது. பழஞ்சோற்றைப் பிழிந்த உருண்டை, எள்ளுத் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளை. படுக்கப் பருக்கைக்கல். இதற்கு அந்தத் தீயே மேல் என்கிறாள். உடன்கட்டையைப் போற்றும் பாட்டு என்று இதைத் தூக்கிப் பிடிப்பவர்கள் அந்த உணவுப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம். கணவன்மேல் கொண்ட காதலைப் பற்றி அவள் பேசியதைவிட, அந்தத் தட்டைப் பற்றிப் பேசியது அதிகம்.

சோழன் பாட்டில் அந்தச் செடி தயிரோடு இருக்கிறது, அரசியின் பாட்டில் நெய்யில்லாமல், கிணைமகளிடம் உப்பும் இல்லாமல். யார் தட்டில் விழுகிறது என்பதைப் பொறுத்து அதன் கூட்டாளிகள் மாறுகிறார்கள்.

இதையெல்லாம் சொல்லில் மட்டும் நடத்தி அலுத்துப்போய்த்தான், பாணன் போன வழியில் நாமும் ஒருநாள் போவோம் என்று மாணவிகளிடம் சொன்னேன். பாட்டு சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டிய பகுதி, வேலூர் இன்றைய உப்புவேலூர், ஆமூர் நல்லாமூர், கிடங்கில் திண்டிவனத்துக்குள் இருக்கும் கிடங்கல் என்று அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர்கள். ஒருநாளில் போய்த் திரும்பிவிடலாம். ஆனால் கிளம்புவதற்கே ஆறு வாரம் பிடித்தது. பெண்பிள்ளைகள் என்றால் தந்தையின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். தாயின் கையெழுத்து செல்லாதா என்று கேட்டேன். வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. ஒருத்திக்குக் கடைசிவரை கையெழுத்துக் கிடைக்கவில்லை. பயணத்துக்காக வழித்தட வரைபடம் போட்டவளே அவள்தான். வரைபடம் எங்களோடு வந்தது, அவள் வரவில்லை.

அந்த வரைபடத்தில் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். ஊர்ப்பெயர்களுக்குப் பக்கத்தில் அங்கே என்ன சாப்பாடு, யார் போட்டது என்று பச்சை மையில் எழுதியிருந்தாள். எயிற்பட்டினத்தில் நுளைமகள் வடித்த தேறல், அதோடு சுட்ட உலர்ந்த குழல்மீன். வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறு, சுட்ட காட்டுப்பசுவின் இறைச்சி. ஆமூரில் உழவர் குடிப்பெண் போகிறவர்களைத் தடுத்து நிறுத்திப் போடும் வெண்சோறும் நண்டுக் கறியும். பாணனின் பாதை முழுக்கப் பெண்களின் அடுப்புகளாலேயே குறிக்கப்பட்டிருப்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பசித்துக் கீரை கிள்ளும் கையிலும் வளையல், நண்டுக் கறி பரிமாறும் கையிலும் வளையல். முகங்களுக்குப் பெயரில்லை.

அரண்மனைக்கு வந்ததும் சமையலுக்கு நூல் வந்துவிடுகிறது. நல்லியக்கோடன் வீட்டுச் சாப்பாடு வீமன் எழுதிய சமையல் நூல் வழுவாமல் ஆக்கியது என்கிறது பாட்டு. பொற்கலத்தில் இட்டு, அரசன் தானே நின்று உண்பிக்கிறான். நல்ல மனிதன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊர்ஊராகப் பெண்கள் ஆக்கிப் போட்டபோது இல்லாத நூலும் ஆசிரியரும் அரண்மனை அடுப்புக்கு மட்டும் எங்கிருந்து வந்தார்கள் என்று மாணவிகள் கேட்டுச் சிரித்தார்கள். நளபாகம், பீமபாகம் என்று இன்றைக்கும் கல்யாண மண்டபங்களில் சொல்கிறோமே.

மரக்காணம் உப்பளத்துக்குப் போனபோது காலை பத்தரை இருக்கும். மாசி மாதம். பாத்திகளில் வெயில் பட்டுத் திரும்பி அடித்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை. தூரத்தில் கழுவெளியின் நீர்ப்பரப்பு. 2021இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மாணவிகள் பூநாரை தெரிகிறதா என்று தேடினார்கள். பக்கத்தில் பெண்கள் வரப்போரம் குவித்த உப்பைக் கூடையில் வாரித் தலையில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தலையில் சும்மாடு, கணுக்காலில் வெள்ளையாய்ப் பொறிந்த புண்கள்.

“எங்கருந்து வர்றீங்கம்மா? சாப்டீங்களா?” இதுதான் முதல் கேள்வி. அவர்கள் இருட்டோடு வந்தவர்கள். கொண்டுவந்த பழையதை ஒன்பது மணிக்கே உப்புக் குவியலின் நிழலில் உட்கார்ந்து முடித்திருந்தார்கள். தண்ணீர் நிறையக் குடிக்கலாமே என்று மாணவி ஒருத்தி சொன்னதற்கு, அதில் மூத்தவர் சிரித்தார். “குடிச்சா எங்கம்மா போறது? இங்க மறப்பு ஏது?”

எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. பழனிக்கு ரயிலில் போகும்போதெல்லாம் அம்மா விடியற்காலையில் எழுந்து புளிச்சோறு கட்டுவாள். வாழையிலையை அனலில் வாட்டி, பொட்டலம் பொட்டலமாக. எதிர் இருக்கைக்காரருக்கும் ஒன்று நீட்டுவாள். தான் மட்டும் இரண்டு வாய்க்குமேல் தொடமாட்டாள், தண்ணீரும் குடிக்கமாட்டாள். பசிக்கலை என்பாள். அது பொய் என்று எனக்கு முப்பது வயதுக்குமேல்தான் தெரிந்தது.

உப்பு, பயணம், கட்டுச்சோறு மூன்றும் சேர்ந்த ஒரு கதை நம் விடுதலைப் போராட்ட வரலாற்றில் உண்டு. 1930 ஏப்ரல் 13இல் ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். உப்பு அள்ளப் பதினைந்து நாள் நடை. அவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்தார். கும்பகோணத்தில் விருந்திட்ட வீட்டுக்காரர் சிறைக்கே போனார். ஆனாலும் தொண்டர்கள் பட்டினி கிடக்கவில்லை. சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. ஆற்றங்கரையில் இளைப்பாறும்போது, இங்கே தோண்டுங்கள் என்று ஜாடை காட்டினார்கள். மணலுக்குள் சோற்றுப் பாத்திரங்கள் இருந்தன.

மரத்தில் சோறு காய்த்த இந்தக் கதையைப் பள்ளியில் படித்தபோது எனக்கு அவ்வளவு பிடிக்கும். கலெக்டர் ஏமாந்தார், மக்கள் ஜெயித்தார்கள். நூறு பேருக்குச் சோறு வடிப்பது என்றால் என்னவென்று அப்போது தெரியாது. அகப்பட்டால் சிறை என்ற நிலையில், அக்கம்பக்கம் அறியாமல் அடுப்பு மூட்டி, புகை தெரியாமல், வாசம் தெரியாமல், விடியுமுன் பொட்டலம் கட்டி முடிக்க வேண்டும். கிணைமகள் கதவை அடைத்தது போலவே இந்த அடுக்களைகளும் கதவை அடைத்திருக்கும். காரணம்தான் வேறு. விருந்திட்டுச் சிறை சென்றவரின் பெயர் நூல்களில் இருக்கிறது. அரிசி களைந்தவர்களைப் ‘பொதுமக்கள்’ என்று நான் படித்த நூல்கள் குறிக்கின்றன. வேதாரண்யம் போராட்டத்தில் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதியின் பெயர் மட்டும் தப்பி நிற்கிறது.

மதியம் ஊரை ஒட்டிய ஒரு புளியமரத்தடியில் எங்கள் டப்பாக்களைத் திறந்தோம். எலுமிச்சைச் சோறு, தக்காளிச் சோறு, தயிர்ச் சோறு. கைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போயின. வேளையைக் காட்டிக்கொடுத்த பெண் மட்டும் வண்டிச் சக்கரத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மூடியைப் பாதி மூடியபடியே தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன். பழைய சோறும் சுட்ட கருவாடும்.

“ஏன்மா மூடிட்டே சாப்பிடற?”

“ஹாஸ்டல்ல நாத்தம்னு எழுந்து போயிடுவாங்க மேம். பழகிடுச்சு.”

எனக்குள் இருக்கும் ஆசிரியை உடனே எழுந்துகொண்டாள். இந்த இடத்தில்தான், இதே கடற்கரையில், பாணனுக்கு உலர்ந்த மீனைச் சுட்டுக் கொடுத்தார்கள், செவ்வியல் இலக்கியத்தில் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “பாட்டுல இருந்தா நாத்தம் அடிக்காதா மேம்?”

ஒரே பந்தியில் உட்காரலாமா என்பதற்காக இந்த மாநிலம் நிறையச் சண்டை போட்டிருக்கிறது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பந்தி போட்ட விவகாரம் 1920களில் காங்கிரசையே உலுக்கியது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர், பிராமணரல்லாதார் என்று பிரித்து வைத்திருந்த ஏற்பாடு 1941இல்தான் போராட்டத்தால் ஒழிந்தது. பலகையைக் கழற்றி எண்பது ஆண்டுகள் ஆன பிறகு, ஒரு விடுதி அறையில் பெண்களே பெண்களுக்குப் பலகை மாட்டுகிறோம். அந்த அறையில் நானும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறேன். எழுந்துபோன கூட்டத்தில் நானும் இருந்தேன் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அவளிடம் ஒரு துண்டு கருவாடு கேட்டேன். முதலில் நம்பவில்லை. பிறகு பிட்டுக் கொடுத்தாள். உப்புத் தூக்கல். வரப்பில் பேசிக்கொண்டிருந்த மூத்தவர் எங்களைப் பார்த்துவிட்டு வந்து, “இது எங்கூரு மீனா, உங்கூரு மீனா?” என்று அவளோடு பேச்சில் இறங்கிவிட்டார். வஞ்சிரக் கருவாட்டை எத்தனை நாள் காயவைப்பது, மழைநாளில் எப்படிப் பாதுகாப்பது என்று நீண்டது. தக்காளிச் சோற்றுக்காரிகள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். எல்லோரும் இல்லை. இரண்டு பேர் கடைசிவரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை நான் கூப்பிடவில்லை.

உப்புவேலூரில் அதிக நேரம் நிற்கவில்லை. நல்லாமூரில் வயல்களில் அறுப்பு முடிந்திருந்தது, நண்டு கிடைக்குமா என்று கேட்டதற்கு மழைக்கு வாங்க என்றார்கள். கிடங்கலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. கோட்டை இருந்த இடத்தைப் பற்றி நான் பேசப்பேச, பாதிப்பேர் தூங்கி வழிந்தார்கள்.

வண்டி திரும்பும்போது பின்னிருக்கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ஏதோ வாக்குவாதம். உப்பளத்து அம்மா ஆளுக்கொரு கைப்பிடி உப்பு அள்ளிக் கொடுத்திருக்கிறார். வராத பெண்ணுக்கு என்று இவர்கள் எல்லோரும் தங்கள் பங்கிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அரைக் கிலோவுக்குமேல் சேர்ந்துவிட்டது. அவள் அப்பா பார்த்தால் ஏது என்று கேட்பார், கடையில் வாங்கியது என்று சொல்லலாமா, கல்லுப்பு கருப்பாக இருக்கிறதே, நம்புவாரா என்பதுதான் வாக்குவாதம்.