சுவருக்குள் ஓடும் ரப்பர்: காரைக்கால் முதல் பினாங்கு வரை

இன்னைக்கும் வரலாறுதான், ஆனா ராஜா ராணி யாரும் வர மாட்டாங்க. உங்க வீட்டுச் சுவருக்குள்ள ஓடுற வயரோட வரலாறு.

காரைக்கால்ல பழைய வீடுகளைப் பார்த்திருப்பீங்க. செங்கல், சுண்ணாம்புக் காரை, நல்ல கனமான சுவர், மேலே மர உத்திரம் வைத்த மெட்ராஸ் டெரஸ். மதியம் வெளியே கொளுத்தினாலும் உள்ளே குளுகுளுன்னு இருக்கும். சரியாச் சொன்னா அந்தச் சுவர் வெப்பத்தைத் தடுக்கல, தாமதப்படுத்துது. பகல் சூடு உள்ளே வந்து சேர்றதுக்குள்ள சாயங்காலக் கடல்காத்து வந்துடும்.

இந்த மாதிரி வீடுகள்ல பலது கரண்ட் வர்றதுக்கு முன்னாடியே எழும்பினவை. அதனால வயர் வந்தப்போ சுவருக்குள்ள போகலை, மேலேயே ஓடிச்சு. முதல்ல பீங்கான் கட்டைகள்ல பிடிச்சு ஓட்டினாங்க. பிறகு ரீப்பர் வயரிங்: மெல்லிசான மரச் சட்டத்தைச் சுவர்ல அடிச்சு, அது மேல வயரை வைத்து, தகரக் கிளிப்பால மடக்குறது. பார்க்க அழகில்லைன்னு இப்போ பிடுங்கிப் போடுறோம். என்னைக் கேட்டா, அது ரொம்ப நேர்மையான டிசைன். வயர் எங்கே போகுதுன்னு கண்ணுக்குத் தெரியும், சூடும் காத்துல கலைஞ்சுடும். சாஃப்ட்வேர்ல இந்த அளவுக்குத் தெளிவான கோடு கிடைச்சா நான் கும்பிடுவேன்.

இப்போ அந்த வயரைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். மேலே பருத்தி நூல் பின்னல், அதுக்குள்ள ரப்பர், அதுக்குள்ள செம்பு. செம்பு மேல வெள்ளையா ஈயம் பூசியிருக்கும், ஏன்? ரப்பரைக் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்துவாங்க. அந்தக் கந்தகம் செம்பை அரிச்சுடும்; நடுவுல ஒரு தடுப்பு வேணும், அதான் ஈயம்.

அந்த ரப்பர் எங்கேயிருந்து வந்தது? 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல உலக ரப்பர்ல பெரிய பங்கு மலாயாவுல விளைஞ்சது. அங்கே பால் வெட்டினவங்கள்ல பெரும்பாலானவங்க நம்ம ஆளுங்க. கங்காணிகள் ஊர் ஊரா ஆள் சேர்த்து, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பல் ஏத்தினாங்க. காரைக்காலுக்குத் தெற்கே, பஸ்ல ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள வர்ற நாகைதான். 1926-ல கட்டின 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர்னு பல வருஷம் ஓடிச்சு. காரைக்கால் துறைமுகமும் சளைச்சது இல்லை: 19-ஆம் நூற்றாண்டுல ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் கரும்புத் தோட்டங்களுக்குப் பிரெஞ்சுக்காரங்க இங்கேயிருந்து ஆட்களை அனுப்பியிருக்காங்க. ஆக, டெல்டாவுலருந்து போன கைகள் வெட்டின பால், வயரா மாறி உலகம் முழுக்கச் சுவர்கள்ல ஏறிச்சு.

1942 பிப்ரவரியில சிங்கப்பூர் ஜப்பான்கிட்ட விழுந்தது. நேச நாடுகளுக்கு ரப்பர் வரத்து அறுந்துபோச்சு. வயருக்கு என்ன பண்றது? ஏற்கெனவே இருந்த பிவிசிக்கு அப்போ பெரிய கிராக்கி வந்தது. போர் முடிஞ்சு ரப்பர் திரும்பி வந்தாலும் பிவிசி இடத்தை விடல. காரைக்கால் 1954 நவம்பர் 1-ல இந்தியா கைக்கு வந்தது; அதுக்கப்புறம் எழும்பின வீடுகள்ல போகப்போக ரீப்பர் குறைஞ்சு, சுவரைக் கொத்திப் பைப் பதிச்சு, அதுக்குள்ள பிவிசி வயரை இழுக்குற வழக்கம் வந்தது.

பழைய சுண்ணாம்புச் சுவரை இப்படிக் கொத்தும்போது கவனம் வேணும். செங்குத்தா வெட்டினா தாங்கும். படுக்கைவாட்டுல நீளமா வெட்டினா சுவரோட பலம் போயிடும். செங்குத்துக்குச் சுவர் கனத்துல மூணுல ஒரு பங்கு, படுக்கைக்கு ஆறுல ஒரு பங்குக்கு மேல ஆழம் போகக்கூடாதுங்கிறது பிரிட்டன்ல கட்டட வேலைக்காரங்க வைத்திருக்கிற கணக்கு.

இப்போதைய சிக்கலுக்கு வருவோம். புது வீட்டுச் சுவர் மெலிசு, உள்ளே கொதிக்குது, ஏசி போடுறோம். கரண்ட் பில்லைக் குறைக்க தெர்மோகோல், கண்ணாடிப் பஞ்சுன்னு சுவர்லயும் கூரையிலயும் அடைக்கிறோம். வீட்டுக்கு நல்லது, வயருக்குக் கெட்டது. கரண்ட் ஓடினா வயர் சூடாகும், அந்தச் சூடு வெளியே போகணும். பிரிட்டன் விதிகள்படி 2.5 சதுர மில்லிமீட்டர் தட்டை வயரைச் சுவர் மேல பதிச்சா 27 ஆம்பியர் தாங்கும். அதே வயரைச் சுத்திலும் இன்சுலேஷன் மூடினா 13.5 தான், சரிபாதி. அதுவும் 30 டிகிரிக்கான கணக்கு. மே மாசக் காரைக்காலுக்கு 40 டிகிரின்னு வைத்தா 0.87-ஆல பெருக்கணும், 11.7 ஆம்பியர் வரும்.

இதுல என்ன ஆபத்துன்னா, போர்டுல இருக்கிற எம்சிபிக்கு இது எதுவும் தெரியாது. 20 ஆம்பியர் எம்சிபி போட்டிருந்தா, 15 ஆம்பியர் மணிக்கணக்கா ஓடினாலும் அது விழாது. அதுக்குக் கரண்ட் அளவுதான் கண்ணு. சுவருக்குள்ள வயர் எவ்வளவு வெந்திருக்குன்னு பார்க்காது. வருஷக்கணக்கா 70 டிகிரிக்கு மேல போய் வந்தா பிவிசி இறுகி வெடிக்கும். தெர்மோகோல் நேரடியா ஒட்டியிருந்தா இன்னொரு கூத்து: பிவிசியை வளையவைக்கிற எண்ணெய்ப் பொருளைத் தெர்மோகோல் உறிஞ்சிடும். வயர் குச்சியாகும், தெர்மோகோல் உருகி ஒட்டும்.

அமெரிக்காவுல இதுக்கு முன்னோட்டமே இருக்கு. அங்கே பழைய மர வீடுகள்ல பீங்கான் உருளைகள்ல வயரைத் தொங்கவிட்டிருந்தாங்க. வெற்றுச் சுவர்க் காத்துதான் அதுக்குக் குளிர்ச்சி. குளிருக்காக அந்தச் சுவர்கள்ல பஞ்சை அடைச்சதும் காத்து போச்சு. அதனால அந்த வயரிங் இருக்கிற இடத்துல இன்சுலேஷன் அடைக்கிறதை அவங்க மின்விதி தடுக்குது.

நீங்க இன்சுலேஷன் போடுறவரா இருந்தா, பஞ்சை அடைக்கிறதுக்கு முன்னாடியே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. வயரைச் செங்கல் பக்கமாப் பைப்புல கொண்டுபோகச் சொல்லுங்க. வழியே இல்லாம பஞ்சுக்குள்ள போகணும்னா, ஏசி, ஹீட்டர் லைனுக்கு 2.5-க்குப் பதிலா 4 அல்லது 6 கேளுங்க, எம்சிபியையும் அந்தக் குறைஞ்ச கணக்குக்கே போடச் சொல்லுங்க. மூடுறதுக்கு முன்னாடி, வயர் போற பாதையை ஒவ்வொரு சுவரா போன்ல படம் எடுத்து வைங்க.