நல்ல துறைமுகம்: ஒரு சிற்றூரின் சாட்சி

பவுல் அடிகளாரின் கப்பற்சேத வரலாறு இம்மலரின் வாசகர் அனைவரும் ஓய்வுநாள் பள்ளியிலேயே கேட்டது; அதை மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தில் சில வசனங்களில் வந்துபோகும் ‘நல்ல துறைமுகம்’ பற்றியே எழுதுகிறேன். கிரேத்தாவின் தென்கரையில், அஸ்தெரூசியா மலையடிவாரத்தில், அதே பொருள் தரும் காலி லிமெனெஸ் என்னும் பெயரோடு இன்றும் இருக்கிறது அச்சிற்றூர். லூக்கா எழுதியது உடன் பயணித்தவரின் சாட்சியே என்பதை இவ்வூரும் இதன் அண்டை ஊர்களும் உறுதிசெய்கின்றன என்பது என் துணிபு.

கிறிஸ்தவர்கள் வேதத்தைப் படித்துவிட்டுப் பிற்காலத்தில் இட்ட பெயராக இது இருக்கலாமே என்று சிலர் மறுப்பர். பெயரை ஒதுக்கிவிட்டுக் கரையை மட்டும் பார்ப்போம். வடமேற்குக் காற்றுக்கு ஒதுங்கித் தென்கரையோரமாய் மேற்கே வரும் பாய்க்கப்பல் லித்தினோ முனை வரைதான் வர முடியும். அதற்கப்பால் கரை வடக்கே திரும்பிவிடுவதால் ஒதுக்கிடம் இல்லை. அம்முனைக்குச் சற்றுக் கிழக்கே உள்ள புகலிடம் இதுவே. கிழக்குக் காற்றுக்குத் திறந்து கிடப்பதால், குளிர்காலத்திற்கு ஏற்றதல்ல என்ற 12ஆம் வசனமும் பொருந்துகிறது. அருகே லசேயா பட்டணம் இருந்தது என்கிறார் லூக்கா. 1856இல் ஜார்ஜ் பிரவுன் என்னும் போதகர் அங்கே போய் விசாரித்தபோது, கிழக்கே பாழடைந்து கிடந்த இடத்தை உள்ளூரார் அதே பெயரால் சுட்டினர். கப்பல் நாடிப் புறப்பட்ட பேனிக்ஸ், ஏறத்தாழ 70 கிலோமீட்டர் மேற்கே இன்றைய லூத்ரோ என்னும் சிற்றூரை ஒட்டியது. வடகிழக்குக் கடுங்காற்றில் அகப்பட்ட கப்பல் ஒதுங்கிய கிலவுதா, தென்மேற்கே உள்ள காவ்தோஸ் தீவு. கப்பலோட்டக் கலை அறிந்த ஜேம்ஸ் ஸ்மித், 1848இல் வெளியிட்ட நூலில் இப்பயணத்தைக் காற்றையும் தூரத்தையும் கொண்டு சோதித்து, லூக்காவின் விவரங்கள் பிசகின்றிப் பொருந்துவதைக் காட்டினார். கரையிலிருந்து கேள்விப்பட்டதை எழுதும் ஒருவரால் காற்று, முனை, தீவு மூன்றையும் இப்படி இசைக்க இயலாது.

விசுவாசத்திற்கு நிலப்படம் எதற்கு என்பது மற்றொரு கேள்வி. வார்த்தை மாம்சமானார் என்று அறிக்கையிடுகிற சபை, இடத்தையும் காலத்தையும் அற்பமாக எண்ணலாகாது. எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்து எழுதுவதாக லூக்காவே தம் சுவிசேஷத்தின் தொடக்கத்தில் (1:3) சொல்கிறார். மலைக்கு வடக்கே, கிரேத்தாவின் ரோமத் தலைநகராயிருந்த கோர்த்தினாவில் தீத்துவின் பெயரால் எழுந்த பழம் ஆலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. தீத்து 1:5இல் பவுல் ஒப்படைத்த ஊழியத்தை அத்தீவு மறக்கவில்லை.

ஆகவே, வேதபாட வகுப்பு நடத்தும் சகோதர சகோதரிகளே, அப்போஸ்தலர் 27ஐ வாசிக்கும்போது கிரேத்தாவின் வரைபடத்தையும் விரித்து வையுங்கள். நம் பிள்ளைகள் வேதத்தைக் கதையாக அல்ல, நடந்த வரலாறாகக் கற்கட்டும்.